அந்தப் பழைய ஹெட்போன் எது? நெல்லைக்காரர்களுக்கு ஒரு தேடல் வழிகாட்டி

“எங்க அத்தான் சவுதியில இருந்து கொண்டாந்தாவ. காதுல பஞ்சு வச்சது. சோனின்னு நினைக்கேன்.”

பழைய ஹெட்போன் ஒன்றைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இதில் உருப்படியான தகவல் இரண்டு: சவுதி, பஞ்சு. சோனியை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடலாம்.

காரணம் இருக்கிறது. மனதில் தங்கியிருக்கும் பெயர் அநேகமாக அது செருகியிருந்த செட்டின் பெயராக இருக்கும். தார்சாவில், அதாவது முன்கூடத்தில், நேஷனல் டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) உட்கார்ந்திருந்த வீட்டில், அதோடு கிடந்த எல்லாமே ‘நேஷனல்’தான். போதாததற்கு, அந்தக் காலத்தில் பஜாரில் விற்றவற்றில் ஓர் எழுத்து மட்டும் மாறிய போலிப் பெயர்கள் ஏராளம். ஆகவே கம்பெனிப் பெயரைக் கடைசியில் பார்ப்போம். செட், பின் (வயர் நுனியில் செருகும் முனை), உருவம், எழுத்து என்ற வரிசையில் போனால் வேலை சுலபம்.

போனைத் தொடும் முன்

கூகுளில் படம் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, ஞாபகத்தில் இருப்பதை எல்லாம் எழுதிவிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் பின்னால் அல்லாட வேண்டிவரும். ஐம்பது படம் பார்த்து முடித்த பிறகு பஞ்சு கறுப்பா ஆரஞ்சா என்பதே சந்தேகமாகிவிடும். கடைசியாகப் பார்த்த படத்தின் நிறம் பழைய ஞாபகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

யார் கொண்டுவந்தது, எதில் செருகிக் கேட்டீர்கள், வயர் ஒரு காதிலிருந்து மட்டும் இறங்கியதா இரண்டிலிருந்துமா, கழற்றும்போது முடி மாட்டியதா, காது வியர்த்ததா? கடைசி இரண்டையும் விளையாட்டாகக் கேட்கவில்லை. முடி மாட்டியது என்றால் தலைக்கு மேல் போனது மெல்லிய உலோகத் தகடு. காது வியர்த்தது என்றால் காதை முழுக்க மூடும் ரெக்சின் மெத்தை. கண்ணின் ஞாபகத்தைவிட உடம்பின் ஞாபகத்தை நான் அதிகம் நம்புவேன்.

அதில் என்ன பாட்டுக் கேட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த படத்தின் கேசட் என்றால் வருடம் கிடைத்துவிடும். ஹெட்போன் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு கடைக்கு வந்த மாடல்களை எல்லாம் தள்ளிவிடலாம்.

அப்புறம் போட்டோ ஆல்பம். வளைகுடாவிலிருந்து வந்த படங்களில் டேப் ரெக்கார்டர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டது ஒன்றாவது இருக்கும். மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடிப் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். படத்தின் பின்பக்கம் தேதியோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்களிடம் ‘ஹெட்போன்’ என்று மொட்டையாகக் கேட்டால் விழிப்பார்கள். “கேசட்டுல பேசி அனுப்புவாவல்லா, அதக் கேக்க காதுல மாட்டுவோமே, அது” என்று கேட்டால் பேச்சு வரும். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் அது. ஆள் நிறைந்த வீட்டில் கணவர் பேசியதைத் தனியாகக் கேட்க ஹெட்போனை விட்டால் வேறு வழியில்லை.

எந்தப் பெட்டியில் செருகியிருந்தது?

பாக்கெட் டிரான்சிஸ்டர் என்றால் உங்களுடையது ஹெட்போனே கிடையாது, ஒற்றைக் காது இயர்போன். வெளிறிய தந்த நிறத்தில், மெல்லிய வயரோடு இருக்கும். இலங்கை வானொலி நெல்லைச் சீமையில் தெளிவாக விழுந்ததால், பி.எச். அப்துல் ஹமீதின் குரலை ராத்திரி போர்வைக்குள் இதை வைத்துக் கேட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இந்த இயர்போனில் பெரும்பாலும் பெயரே இருக்காது. ரேடியோவோடும் அதன் தோல் உறையோடும் சேர்ந்து வந்த பொருள் அது. ரேடியோவின் மாடலைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

டூ-இன்-ஒன், டேப் டெக் காலத்து ஹெட்போன்கள் கனமானவை. அமெரிக்காவில் கோஸ் நிறுவனம் 1958-ல் எஸ்.பி.3 என்ற ஸ்டீரியோ ஹெட்போனை, அதாவது இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி தருவதை, கொண்டுவந்தது. பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டுக்குள் ஹெட்போன் நுழைந்தது அதிலிருந்துதான். அடுத்த இருபது வருடம் பெரும்பாலான கம்பெனிகள் அதே தடித்த அச்சில்தான் செய்தன: பெரிய கிண்ணம், ரெக்சின் மெத்தை, டெலிபோன் போன்ற சுருள் வயர். சிலவற்றில் கிண்ணத்திலேயே வால்யூம் திருகு இருக்கும், மோனோ (இரண்டு காதிலும் ஒரே ஒலி), ஸ்டீரியோ என்று மாற்றும் சுவிட்சும் இருக்கும். திருகு ஞாபகம் இருந்தால் 1970களை முதலில் தேடுங்கள். டவுன் ரத வீதியிலோ ஜங்ஷனிலோ பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து டி.டி.கே. கேசட்டில் பதிவு செய்து வாங்கியிருப்பீர்களே, அந்த ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சி தலையில் இருந்ததும் இந்த ரகமாகவே இருக்கும்.

வாக்மேன் இந்தக் கதையை இரண்டாக வெட்டுகிறது. முதல் வாக்மேன், டி.பி.எஸ்-எல்2, ஜப்பானில் 1979 ஜூலை 1 அன்று விற்பனைக்கு வந்தது. அதற்காக சோனி செய்த ஹெட்போன் சுமார் 50 கிராம்தான். அதுவரை 300, 400 கிராம் சாதாரணம். மெல்லிய தகடு, இரண்டு பஞ்சு என்ற உருவம் உலகமெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். ஆகவே “1975-லயே எங்க வீட்டுல பஞ்சு ஹெட்போன் இருந்துச்சு” என்று ஒருவர் சொன்னால், ஒன்று வருடம் தவறு அல்லது அவர் வீட்டில் இருந்தது ஜெர்மனியின் சென்ஹைசர். சென்ஹைசரின் எச்.டி. 414, 1968-லேயே பஞ்சோடு வந்தது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இந்தியாவில் 1991-க்கு முன் வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடை வழியாக வருவது கடினம். வந்ததில் பெரும்பகுதி ஊருக்கு வந்தவர்களின் பெட்டிகளில் வந்தது. சோனி தனது இந்திய நிறுவனத்தைத் தொடங்கியதே 1994-ல். ஆகவே “1985-ல சோனி ஷோரூம்ல பில் போட்டு வாங்கினது” என்ற பேச்சு வந்தால், வருடத்தையோ பெயரையோ மறுபடி விசாரியுங்கள். பிலிப்ஸ் விஷயம் வேறு. அது 1930-லிருந்தே இங்கே இருக்கிறது.

பிரவுசிங் சென்டர் ஹெட்போனைத் தேடுகிற தலைமுறையும் இப்போது வந்துவிட்டது. கறுப்பு பிளாஸ்டிக், இடது பக்கம் வளைகிற மைக், பச்சையும் ரோஸுமாக இரண்டு பின். இன்டெக்ஸ், ஐபால், ஃபிரண்டெக் என்று பல பெயர்களில் ஏறக்குறைய ஒரே அச்சு விற்றது. கிண்ணத்தில் இருந்த எழுத்து ஞாபகம் இல்லையென்றால் இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம், நெருங்கிய சாயல் கிடைத்தாலே போதும்.

பின்னைப் பாருங்கள்

ஞாபகத்திலிருந்து மட்டும் தேடினாலும் சரி, மச்சில் கிடந்த மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாலும் சரி, அதிகம் பேசுவது பின்தான். பென்சில் தடிமன் பெரிய பின் 6.35 மி.மீ. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகைகளிலிருந்து வந்த அளவு அது. ஆம்ப்ளிஃபயர், டேப் டெக், மைக்செட் உலகத்தைச் சேர்ந்தது. கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டுகிறவர்களிடம் இன்றும் பார்க்கலாம். சின்ன பின் 3.5 மி.மீ. அதைவிடச் சின்னது 2.5 மி.மீ., சில செல்போன்களில் இருந்தது.

அடுத்து, பின்னைச் சுற்றி ஓடும் வளையங்களை எண்ணுங்கள். ஒரு வளையம் என்றால் மோனோ: டிரான்சிஸ்டர், சாதா டேப் ரெக்கார்டர். இரண்டு என்றால் ஸ்டீரியோ. மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது, அதாவது செல்போன் காலம். மூன்று வளையப் பின்னோடு இருப்பதை யாராவது ‘எண்பதுகளின் வாக்மேன் ஹெட்போன்’ என்று விற்றால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வயராவது மாற்றப்பட்டிருக்கும், இல்லை கதையாவது மாற்றப்பட்டிருக்கும்.

நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து கம்பி வைத்த வட்டமான பின் ஞாபகம் இருக்கிறதா? அது டின் என்ற ஜெர்மன் தர அளவு. கிரண்டிக், டெலிஃபங்கன், பழைய பிலிப்ஸ் போன்ற ஐரோப்பிய செட்டுகளுக்கு உரியது. ஜப்பான் பக்கம் தேடவே வேண்டாம்.

தட்டையான, அகலமான பின் என்றால் போனோடு வந்தது. சோனி எரிக்சன் 2005-ல் விட்ட டபிள்யூ800 வாக்மேன் போனுக்கு எச்.பி.எம்-70 என்ற ஹெட்செட் வந்தது. அதை நடுவில் கழற்றி வேறு 3.5 மி.மீ. ஹெட்போனையும் மாட்டலாம். நோக்கியா ஹெட்செட்டுகளின் எண் எச்.எஸ். என்று தொடங்கும், பின்னால் வந்தவை டபிள்யூ.எச். வயரில் உள்ள பொத்தான் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

உருவத்தை வைத்துப் பிடிக்கக்கூடிய சில

எல்லா மாடலையும் சொல்லி முடியாது. உருவத்தை வைத்தே அடையாளம் காட்டக்கூடியவை சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சென்ஹைசர் எச்.டி. 414: மஞ்சள் பஞ்சு, ஒல்லியான பிளாஸ்டிக் வளைவு, ஒவ்வொரு காதிலிருந்தும் தனியாகக் கழற்றக்கூடிய வயர். காதை மூடாமல் வெளிச்சத்தம் கேட்கும்படி செய்யப்பட்ட முதல் ஹெட்போன் இதுதான். ஒரு கோடிக்கு மேல் விற்றதால் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் வந்துகொண்டே இருக்கிறது. ‘மஞ்சள் பஞ்சு’ என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதன் படத்தைத்தான்.

ஆஸ்திரியாவின் ஏ.கே.ஜி. கே240: தலைக்கு மேல் இரண்டு வளைவுக் கம்பிகள், அவற்றுக்குக் கீழே தானாக ஏறி இறங்கும் தோல் பட்டை, பெரிய வட்டக் கிண்ணம். 1970களில் வந்தது. வானொலி நிலையம், ஒலிப்பதிவுக் கூடம் போன்ற இடங்களில் பார்த்த ஞாபகம் என்றால் இதைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

கோஸ் போர்ட்டா ப்ரோ: 1984. மடித்து உள்ளங்கையில் அடக்கலாம். பஞ்சுக்கு மேலே, பொட்டில் அழுந்தும் இடத்தில் தனியாக ஒரு சின்ன மெத்தையும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுப் பொத்தானும் உண்டு. இன்றும் அதே உருவத்தில் புதிதாகவே கிடைக்கிறது. தேடுவது இதுதான் என்றால் பழையதை வாங்கிச் சிரமப்பட வேண்டியதில்லை.

சோனி எம்.டி.ஆர்-வி6 (1985), எம்.டி.ஆர்-7506 (1991): கறுப்பு நிறம், சுருள் வயர், காதுக் கிண்ணத்துக்கு மேல் நீலப் பட்டை. கல்யாண வீடியோ எடுக்க வந்தவரின் கழுத்தில் பார்த்தது என்றால் இந்தக் குடும்பமாக இருக்க நல்ல வாய்ப்பு. இரண்டும் அண்ணன் தம்பி என்பதால் குழப்பம் சகஜம். பட்டையில் ‘ஸ்டூடியோ மானிட்டர்’ என்றிருந்தால் வி6, ‘புரொஃபஷனல்’ என்றிருந்தால் 7506.

காதுக்குள் செருகும் குட்டி ரகத்தில் சோனியின் எம்.டி.ஆர்-இ252 1982-ல் வந்தது. அதற்கு முன்னால் காதுக்குள் வைத்த ஸ்டீரியோ என்று சொல்கிறவர்களின் வருடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

எழுத்தும் முத்திரையும்

இப்போதுதான் கம்பெனிக்கு வருகிறோம். பெயர் அழிந்திருந்தாலும், மாடல் எண்ணின் முதல் எழுத்துகள் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். எம்.டி.ஆர். என்றால் சோனி; அதற்கும் பழையது வெறும் டி.ஆர். எஸ்.ஈ. என்றால் பயோனியர். ஏ.டி.எச். ஆடியோ-டெக்னிகா. எச்.ஏ. ஜே.வி.சி. ஈ.ஏ.எச். டெக்னிக்ஸ். ஆர்.பி. என்றால் பானாசோனிக் அல்லது டெக்னிக்ஸ், இரண்டும் ஒரே தாய் நிறுவனம், நேஷனலும் அதே வீடுதான். எஸ்.எஸ். சான்சுயி, ஏ.எஸ்.ஈ. அகாய், கே.எச். கென்வுட், டி.டி. பெயர்டைனமிக், எஸ்.பி.சி. பிலிப்ஸ். எச்.பி. மட்டும் தொல்லை: யமஹாவும் வைத்தது, ஐவாவும் வைத்தது. அங்கே எழுத்தை நம்பாமல் உருவத்தை ஒப்பிடுங்கள்.

எழுத்து எங்கே இருக்கும்? தலைத் தகட்டின் உள்பக்கம், காதுக் கிண்ணத்தைத் தாங்கும் கவையின் உள்பக்கம், பஞ்சைக் கழற்றினால் தெரியும் சல்லடைத் தகட்டின் ஓரம். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அழிந்த எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். பழைய பிளாஸ்டிக்கைத் தின்னர் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும்.

வருடத்தைப் பிடிக்க வேறு சில முத்திரைகள் உதவும். ‘மேற்கு ஜெர்மனி’ என்று அச்சிட்டிருந்தால் 1990-க்கு முந்தையது; அந்த அக்டோபரில் இரண்டு ஜெர்மனியும் சேர்ந்துவிட்டன. ‘டிஜிட்டல்’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் அநேகமாக 1982 இறுதிக்குப் பிந்தையது, சி.டி. பிளேயர் கடைக்கு வந்த பிறகுதான் அந்த விளம்பரத்துக்கே அர்த்தம் வந்தது. சி.ஈ. என்ற ஐரோப்பிய முத்திரை இருந்தால் 1990களிலோ அதற்குப் பிறகோ செய்தது. சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக் கோடு போட்ட சின்னம் இருந்தால் 2005-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்தது. ‘எழுபதுகளின் அசல்’ என்று விலை சொல்கிறவரிடம், வயரில் தொங்கும் சின்ன அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குப்பைத்தொட்டி தெரிந்தால் பேரம் பேச வேண்டிய தேவையே இல்லை.

தேடும் விதம்

படத்தேடலில் ஹெட்போனைத் தேடுவதைவிட அது செருகியிருந்த செட்டைத் தேடுவது பலன் தரும். ஒரு வாக்மேனின் மாடல் தெரிந்தால், அதன் சர்வீஸ் மேனுவலை இணையத்தில் தேடி எடுங்கள். பல மேனுவல்களில் கடைசிப் பக்கங்களில் உதிரி பாகப் பட்டியலோடு, கூடவே வந்த துணைப் பொருள்களின் பட்டியலும் இருக்கும். ஹெட்போனின் எண் அங்கே தெளிவாகக் கிடைக்கும். அதிகம் பேர் போகாத வழி இது, எனக்குப் பிடித்த வழியும் இதுதான்.

செட் தெரியவில்லையென்றால் பழைய விளம்பரங்கள். வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி என்ற தளத்தில் வெளிநாட்டு ஆடியோ பத்திரிகைகள் வருடவாரியாக ஸ்கேன் செய்து கிடக்கின்றன. நீங்கள் தாளில் எழுதிய வருடத்துக்கு இரண்டு மூன்று வருடம் முன்பிருந்து விளம்பரப் பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். ஜப்பான் மாடல்களுக்கு அந்த நாட்டு ஏலத் தளங்களில் படங்கள் அதிகம். உங்களிடம் உடைந்த பாகம் இருந்தால் வெள்ளைத் துணிமேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து கூகுள் லென்ஸில் போடலாம். ஆனால் பஞ்சு இல்லாத ஹெட்போனை லென்ஸ் பெரும்பாலும் வேறு எதுவோ என்று நினைத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு பஞ்சை மாட்டிவிட்டு எடுங்கள்.

ஆள் கிடைத்த மாதிரித் தெரிந்ததும் பழைய தாளை எடுத்து ஒப்பிடுங்கள். பின்னும் வயர் இறங்கும் பக்கமும் ஒத்துப்போக வேண்டும். இந்த இரண்டில் ஒன்று ஒத்துவராவிட்டால் படம் எவ்வளவு பரிச்சயமாகத் தெரிந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறம் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. ஒரே மாடலுக்குப் பல நிறம் உண்டு, பஞ்சையும் யாராவது மாற்றியிருக்கலாம்.

வாங்கும் முன்னும் பின்னும்

பஞ்சு பொடிந்து பிசுபிசுவென்று ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம். பாலியூரித்தேன் பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தால் தானாகவே சிதையும், பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் அப்படித்தான். ஸ்பிரிட் தொட்ட துணியால் பொடியை ஒற்றி எடுத்துவிட்டு, அளவு பார்த்துப் புதுப் பஞ்சு வாங்கி மாட்டலாம். உடைந்த கவை, உடைந்த தலைத் தகடு இவைதான் கிடைக்காத சாமான். அப்படி இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள்.

சத்தம் வருகிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். ஓம் அளவையில் வைத்து, ஒரு முனையைப் பின்னின் அடிப்பகுதியிலும் இன்னொன்றை நுனியிலும் வையுங்கள்: அது இடது காது. நடுத்துண்டில் வைத்தால் வலது. தொடும்போதே காதில் ‘கிரக்’ என்று கேட்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண் வரவேண்டும். 32 ஓம் வாக்மேன் ஹெட்போன் 30-ஐ ஒட்டிக் காட்டும். பழைய கே240 என்றால் 600 ஓம் ரகம், எச்.டி. 414-ல் 2,000 ஓம் வகை உண்டு. இவற்றைச் செல்போனில் மாட்டினால் சத்தம் மெலிசாகத்தான் வரும், பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தந்த நிற ஒற்றைக் காது இயர்போன் கிரிஸ்டல் வகையாக இருந்தால் மீட்டர் எதுவுமே காட்டாது. அதுவும் பழுதில்லை, அதன் உள்ளமைப்பே அப்படி.

மீட்டரைப் பிடித்தபடியே பின்னை ஒட்டிய வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் உள்ளே அறுந்திருக்கிறது, பெரும்பாலான பழைய ஹெட்போன்கள் சாகும் இடம் அதுதான். சரி செய்யக்கூடியதே. ஆனால் உள்ளே இருப்பது நூலோடு பின்னிய எனாமல் கம்பி, மேல்பூச்சைச் சுட்டு எடுக்காமல் ஈயம் பிடிக்காது. அதனால் செல்போன் கடையைவிட, மைக்செட் ரிப்பேர் பார்க்கிற பழைய ஆளிடம் கொடுப்பது நல்லது. வெட்டி எடுத்த பழைய பின்னைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி முத்திரை சில சமயம் அதில் மட்டும்தான் இருக்கும்.